உயிரியல் மாணவர்களுக்குக் கோடிங் சொல்லித்தரப் போகிறீர்களா?

உயிரியல் மாணவர்களுக்குப் பைத்தான் வகுப்பு எடுக்கும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டியிருந்தால், நீங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒருவராக இருப்பீர்கள். கணினி அறிவியல் படித்துவிட்டு வந்தவர், அல்லது ஆய்வகத்தில் தரவு குவிந்துபோய் வேறு வழியில்லாமல் தானே கற்றுக்கொண்டவர். முதலாமவர் மாறி, தரவு வகை, லூப் என்று பாடப்புத்தக வரிசையில் தொடங்கி, மூன்றாவது வாரம் பகா எண் கண்டுபிடிக்கச் சொல்வார். வகுப்பில் பாதிப் பேர் அன்றோடு மனதளவில் வெளியேறிவிடுவார்கள். இரண்டாமவர் தன் ஆய்வுக்கு எழுதிய நிரலைத் திறந்து வைத்து, இதை அப்படியே ஓட்டுங்கள் என்பார். ஓடும். யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. இந்த வழிகாட்டி இருவருக்கும்.

முதலில் மாணவர்களைப் பற்றி. ‘கணக்கு வேண்டாம் என்றுதானே உயிரியல் எடுத்தேன்’ என்பவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவரைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல், அதாவது விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரி, இல்லாத சோதனையை அவர் நம்ப மாட்டார். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையை ஓட்டும்போது டி.என்.ஏ. சேர்க்காத குழாய் ஒன்றையும், கட்டாயம் வேலை செய்யும் என்று தெரிந்த மாதிரி ஒன்றையும் பக்கத்தில் வைக்காமல் முடிவு எழுத மாட்டார். அதே ஆள் கணினி முன்னால் உட்கார்ந்ததும், திரையில் ஓர் எண் வந்தால் உடனே நம்பிவிடுகிறார். எர்ரர் வரவில்லையே, அப்புறம் என்ன சந்தேகம் என்கிறார். இந்த நம்பிக்கையை அசைப்பதுதான் உங்கள் வேலையில் பாதி. லூப்பும் ஃபங்ஷனும் மீதிப் பாதி.

வகுப்புக்கு முன்: தரவைத் தேடுங்கள்

பாடத்திட்டம் எழுத உட்காருவதற்கு முன் தரவைத் தேர்ந்தெடுங்கள். நல்ல தரவுக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: கணினி தரும் விடையை மாணவர் கையால் சரிபார்க்கும் அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும், அல்லது விடை முன்கூட்டியே தெரிந்ததாக இருக்க வேண்டும்.

டி.என்.ஏ. வரிசைக்கு ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸை எடுத்துக்கொள்ளலாம். 1977இல் சாங்கர் குழு வெளியிட்ட வரிசை. பிறகு திருத்தப்பட்ட இன்றைய வடிவில் மொத்தமே 5,386 எழுத்துகள். நாலைந்து முறை உருட்டினால் முழுவதையும் கண்ணால் பார்த்துவிடலாம். அட்டவணைக்கு, அன்டார்டிகாவின் பால்மர் நிலையத்தை ஒட்டிய தீவுகளில் அளந்த பென்குயின் தரவு அருமையானது. 344 பறவைகள், மூன்று இனங்கள், அலகின் நீளம், இறக்கையின் நீளம், எடை. சில கட்டங்கள் காலியாகக் கிடக்கும், அதற்காகவே நான் இதை விரும்புகிறேன். ஃபிஷர் 1936இல் பயன்படுத்திய ஐரிஸ் மலர்த் தரவு எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. 150 மலர்களில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அதில் பழகியவர் தன் சொந்தத் தரவைத் திறந்த முதல் நாளே திகைத்துப்போவார்.

இவற்றோடு, மாணவர்கள் தங்கள் செய்முறை வகுப்பில் எடுத்த அளவீடுகள் கிடைத்தால் விடாதீர்கள். பாக்டீரியா வளர்ச்சி வளைவு, நொதி வேகம், இலைப் பரப்பு என்று எதுவானாலும் சரி. தான் பைப்பெட்டால் ஊற்றிய குழாயின் எண் தவறாக வந்தால் மாணவருக்கே உறுத்தும்.

மொழியும் நிறுவலும்

பைத்தானா ஆர் மொழியா என்று சண்டை போட வேண்டாம். மாணவர் அடுத்து போகப்போகிற ஆய்வகத்தில் மூத்தவர்கள் எதை எழுதுகிறார்களோ அதுதான் சரியான மொழி, ஏனென்றால் இரவு பத்து மணிக்குச் சிக்கினால் அவர்களைத்தான் கேட்பார்கள். புள்ளியியலும் ஆர்.என்.ஏ. தரவும் அதிகமாக இருக்கும் இடத்தில் ஆர். படப் பகுப்பாய்வும் சிமுலேஷனும் இருக்கும் இடத்தில் பைத்தான். நான் பைத்தானை வைத்தே மேற்கொண்டு சொல்கிறேன். அதன் வரைபடக் கருவியான மேட்பிளாட்லிப்பை உருவாக்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்க்கத் தனக்கொரு கருவி தேவைப்பட்டு எழுதத் தொடங்கியவர். ‘இதெல்லாம் இன்ஜினியர்கள் வேலை’ என்று சொல்லும் மாணவருக்கு இதைச் சொல்லுங்கள்.

முதல் நாளில் எதையும் நிறுவச் சொல்லாதீர்கள். முப்பது லேப்டாப், முப்பது விதமான சிக்கல். வகுப்பு நேரம் போய்விடும். பிரவுசரிலேயே ஓடும் கூகுள் கோலாப் போன்ற நோட்புக்கில் (நிரலைக் கட்டம் கட்டமாக எழுதி ஓட்டும் பக்கம்) தொடங்கி, மாணவர்கள் கொஞ்சம் எழுதப் பழகிய பிறகு அனகோண்டா போன்ற ஒன்றைச் சொந்தக் கணினியில் போடச் சொல்லுங்கள். அந்த வாரம் இன்னொரு விஷயம் தெரியவரும்: செல்பேசியில் வளர்ந்தவர்களில் பலருக்கு ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற கேள்வியே புதிது. டவுன்லோட் செய்தது ‘எங்கேயோ’ இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான். ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர், முழு முகவரி, அங்கிருந்து பார்க்கும் முகவரி ஆகியவற்றைப் பலகையில் படம் போட்டு விளக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்ற எர்ரரால் வீணாகும் நேரத்தை நினைத்தால் இது மலிவு.

நோட்புக்கில் ஒரு வம்பு உண்டு. கட்டங்களை முன்பின்னாக ஓட்டலாம். அழித்துவிட்ட வரியில் பிறந்த மாறி நினைவகத்தில் உயிரோடு இருக்கும். அதனால் ஒவ்வொரு வகுப்பும் முடியும்போது, ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழ்வரை முழுதாக ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துங்கள்.

முதல் வகுப்பு: படம் வரையட்டும்

முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொருவர் திரையிலும் ஒரு வரைபடம் வந்துவிட வேண்டும். பென்குயின் தரவைப் படிக்க ஒரு வரி, இறக்கை நீளத்துக்கு எதிராக எடையைப் புள்ளிகளாகப் போட ஒரு வரி. இனத்துக்கு ஒரு நிறம் கொடுக்க இன்னும் சில எழுத்துகள். அந்த வரிகளில் என்ன நடக்கிறது என்று முழுதாக விளக்க வேண்டாம். எந்தச் சொல்லை மாற்றினால் எது மாறுகிறது என்று அவர்களையே நோண்ட விடுங்கள். மாறி என்றால் என்ன என்பது அடுத்த வகுப்பில் வந்தால் போதும்.

ஒவ்வொரு வரியையும் ஓட்டும் முன், என்ன வரும் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்வது போதாது, எழுத வேண்டும். எழுதியது தவறிப்போனால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

எழுத்துகளை எண்ணுவது: லூப், நிபந்தனை, ஃபங்ஷன்

மூன்று அடிப்படைகளையும் ஒரே பிரச்சினையில் சொல்லித்தர முடியும். ஒரு டி.என்.ஏ. வரிசையில் ஜி, சி எழுத்துகள் எத்தனை சதவீதம்? லூப் ஒவ்வொரு எழுத்தாகப் போகிறது. நிபந்தனை அது ஜியா சியா என்று பார்க்கிறது. ஒரு மாறி எண்ணிக்கையைச் சுமக்கிறது. கடைசியில் நீளத்தால் வகுக்கிறோம். பிறகு அதை ஒரு ஃபங்ஷனாகப் பொட்டலம் கட்டுகிறோம்.

பைத்தானில் இதற்கு ஆயத்தமான குறுக்குவழி இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் கை தூக்கிச் சொல்வார். ‘சரி, அதையும் வைத்துக்கொள், இரண்டும் ஒரே விடை தருகிறதா பார்’ என்று அவரிடம் வேலை கொடுத்துவிடுங்கள்.

இப்போது கன்ட்ரோல். உண்மையான வரிசையைக் கொடுப்பதற்கு முன், விடை தெரிந்த வரிசைகளைக் கொடுக்கச் சொல்லுங்கள். ‘ஜிஜிசிசி’ என்றால் 100 வர வேண்டும். ‘ஏஏடிடி’ என்றால் 0. ‘ஏடிஜிசி’ என்றால் 50. எல்லாம் சரியாக வரும், மாணவர்கள் மகிழ்வார்கள். அடுத்து அதே வரிசையைச் சிறிய எழுத்தில் கொடுங்கள். 50 வர வேண்டிய இடத்தில் 0 வரும். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பைத்தான் வேறு வேறாகத்தான் பார்க்கும். மரபணுத்தொகுதி ஃபைல்களில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைச் சிறிய எழுத்தில் போடும் வழக்கமும் உண்டு. அதற்குப் பிறகு காலி வரிசையைக் கொடுங்கள். பூஜ்யத்தால் வகுத்ததாக எர்ரர் வரும். இந்த ஐந்து சோதனைகளையும் ஃபங்ஷனுக்குக் கீழேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். இதற்கு மென்பொருள் உலகில் டெஸ்ட் என்று பெயர் இருப்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம்தான் ஃபை எக்ஸ் 174. ஃபைலைத் திறந்து நேராக எண்ணினால் நீளம் 5,386க்கு மேல் போகும். ஏன்? முதல் வரி வரிசையே அல்ல, வைரஸின் பெயரும் அடையாள எண்ணும்; அதில் உள்ள ஜி, சி எழுத்துகளையும் நிரல் எண்ணிவிட்டது. அதை நீக்கினால் பலருக்கு 5,463 வரும். இந்த எண்ணை வகுப்பில் வைத்துப் பேசுங்கள். வரிக்கு 70 எழுத்து வீதம் 77 வரிகள். ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. 5,386உடன் 77ஐக் கூட்டினால் 5,463. யாராவது ஒருவர் இந்த 77ஐத் தானாகக் கண்டுபிடிப்பார். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இதே இடத்தில் எண்ணும் முறையையும் முடித்துவிடலாம். உயிரியலில் முதல் எழுத்து 1ஆம் இடம். பைத்தானில் 0ஆம் இடம். முதல் கோடானை, அதாவது முதல் மூன்று எழுத்துகளை, எடுக்க 0 முதல் 3 வரை என்று எழுத வேண்டும், 3 அதில் சேராது. இது பைத்தானின் கோணல் புத்தி என்று மாணவர்கள் முணுமுணுப்பார்கள். உயிரியல் ஃபைல்களே தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை என்பதைக் காட்டுங்கள்: ஜி.எஃப்.எஃப். வடிவத்தில் 101 முதல் 200 வரை என்று இருக்கும் மரபணு, பெட் வடிவத்தில் 100 முதல் 200 வரை என்று இருக்கும். இரண்டும் அதே நூறு எழுத்துகள்தான்.

அட்டவணை: அழுக்கோடு பழகட்டும்

எக்செலைக் கேலி செய்யாதீர்கள், மாணவர்களின் தரவு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது எங்கே காலை வாரும் என்று மட்டும் காட்டுங்கள். செப்ட் 2, மார்ச் 1 என்ற மரபணுப் பெயர்களை இடைவெளியில்லாமல் தட்டினால், எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்து வெளியான மரபணுவியல் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இப்படிச் சிதைந்த பெயர்கள் இருந்ததாக 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு காட்டியது. கடைசியில் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். செப்ட் வரிசை இப்போது செப்டின்.

பைத்தானின் அட்டவணைக் கருவியான பாண்டாஸில் தரவைப் படித்ததும் முதல் வேலை, ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று பார்ப்பது. எண்கள் இருக்க வேண்டிய நெடுவரிசை எழுத்து வகையாக வந்தால், எங்கோ ஒரு கட்டத்தில் சொல் புகுந்திருக்கிறது. குழிகளை அளக்கும் கருவியான பிளேட் ரீடர், அளவு மீறும்போது எண்ணுக்குப் பதில் ‘ஓவர்’ என்ற பொருளில் ஏதாவது எழுதிவிடும். மாணவர் ‘கொட்டிவிட்டது’ என்று எழுதி வைத்திருப்பார். ஆயிரம் எண்களில் அப்படி ஒன்று இருந்தாலும் நெடுவரிசை முழுவதும் எழுத்தாகிவிடும்.

காலிக் கட்டத்துக்குத் தனியாக நேரம் கொடுங்கள். 0.4, 0.5, ஒரு காலி என்று மூன்று குழாய்கள். சராசரி என்ன? காலியைப் பூஜ்யம் என்று நிரப்பியவருக்கு 0.3. பாண்டாஸ் காலியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு 0.45 என்று சொல்லும். எண் கணக்குக் கருவியான நம்பை (NumPy) ‘எண் இல்லை’ என்றே பதில் தரும். மூன்று விடைகளையும் பலகையில் எழுதி, எது சரி என்று கேளுங்கள். குழாய் உடைந்ததா, அல்லது எதுவும் வளரவில்லையா? அது தெரிந்தவர் குழாயை வைத்திருந்தவர் மட்டும்தான்.

கிட்டத்தட்ட இதே வகையில் இன்னொன்று: 4, 5, 6 மூன்றின் திட்ட விலக்கம். பாண்டாஸ் 1.0 என்கிறது, நம்பை 0.816 என்கிறது. ஒன்று இரண்டால் வகுக்கிறது, மற்றொன்று மூன்றால். மூன்று மாதிரிகளோடு வேலை செய்யும் துறையில் இது சின்ன வித்தியாசம் இல்லை. புள்ளியியல் வகுப்பில் சொன்னபோது காதில் விழாதது இங்கே விழும்.

நம்பை: 96 குழி பிளேட்

அர்ரே என்றால் என்ன என்று விளக்க வேறு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 96 குழி பிளேட் எட்டு வரிசை, பன்னிரண்டு நெடுவரிசை. அவர்கள் அன்றாடம் கையில் பிடிக்கும் அர்ரே. ஒரு குழியின் எண், ஒரு முழு வரிசை, நடுவில் ஒரு செவ்வகம் என்று வெட்டி எடுக்கப் பழகட்டும். ஆக்ஸிஸ் 0, ஆக்ஸிஸ் 1 குழப்பத்துக்கு மனப்பாடம் உதவாது. சராசரி எடுத்ததும் ஷேப்பை, அதாவது ஒவ்வொரு திசையிலும் எத்தனை எண்கள் என்பதை, பார்க்கச் சொல்லுங்கள்: 12 எண்கள் வந்தால் நெடுவரிசைக்கு ஒன்று, 8 வந்தால் வரிசைக்கு ஒன்று.

கடைசி நெடுவரிசை பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெற்றுக் குழி) என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிளாங்க்கின் சராசரியை எல்லாக் குழிகளிலிருந்தும் கழிக்க ஒரே வரி போதும், லூப் வேண்டாம். இங்கேதான் நம்பையின் அழகு புரியும். சரி, இப்போது ஒவ்வொரு வரிசையிலிருந்தும் அந்த வரிசையின் சொந்த பிளாங்க்கைக் கழிக்கச் சொல்லுங்கள். எட்டு எண்களை எட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து கழித்தால் எர்ரர் வரும், ஏனென்றால் நம்பை அந்த எட்டைப் பன்னிரண்டு நெடுவரிசைகளோடு பொருத்திப் பார்க்கிறது. எட்டுக்கு ஒன்று என்று ஷேப்பை மாற்றினால் வேலை நடக்கும்.

இத்தோடு விட்டுவிடாதீர்கள். பிளேட்டில் பாதி காலியாக இருந்து, எட்டுக்கு எட்டு பகுதியை மட்டும் எடுத்தால்? அதே தவறான வரி இப்போது எர்ரர் இல்லாமல் ஓடும். முதல் வரிசையின் பிளாங்க் முதல் நெடுவரிசையிலிருந்து கழிபடும். எண்கள் எல்லாம் பார்க்க நியாயமாகவே இருக்கும். கண்டுபிடிக்க வழி, கன்ட்ரோல் பிளேட்: முதல் வரிசை முழுவதும் 1, இரண்டாவது முழுவதும் 2, இப்படி எட்டு வரை நிரப்பிய பொய்ப் பிளேட் ஒன்றைக் கொடுத்து, பிளாங்க்காகவும் 1 முதல் 8 வரை கொடுங்கள். சரியான நிரல் என்றால் எல்லாக் குழியும் பூஜ்யம். நான் பார்த்தவரை, ‘எர்ரர் வராவிட்டால் சரி’ என்ற நம்பிக்கையை இந்தப் பயிற்சி போல வேறு எதுவும் உடைப்பதில்லை.

வளர்ச்சி வளைவு: லாக் எடுத்தவர் எந்த லாக் எடுத்தார்?

பாக்டீரியா இரட்டிப்பாக எத்தனை நிமிடம்? மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கு. முதலில் நீங்களே தயாரித்த தரவைக் கொடுங்கள். 25 நிமிடத்துக்கு ஒரு முறை ஓ.டி. (கரைசலின் கலங்கல்) அளவு: 0.05, 0.10, 0.20, 0.40, 0.60, 0.65. முதல் நான்கு எண்களைப் பார்த்தாலே விடை 25 என்று தெரிகிறது. நிரல் அந்த 25ஐச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓ.டி.க்கு லாக் எடுத்து, நேரத்துக்கு எதிராக நேர்கோடு பொருத்தி, 2இன் லாக்கைச் சரிவால் வகுக்க வேண்டும். வகுப்பில் குறைந்தது மூன்று விடைகள் வரும். ஆறு புள்ளிகளையும் போட்டுக் கோடு இழுத்தவருக்கு ஏறக்குறைய 32 நிமிடம்; கடைசி இரண்டு புள்ளிகளில் வளர்ச்சி தளர்ந்துவிட்டதை அவர் வரைந்து பார்க்கவில்லை. இன்னொருவருக்கு 57.6. அவர் லாக்கை எக்செலில் எடுத்துக்கொண்டு வந்தவர். எக்செலில் வெறும் லாக் என்றால் 10 அடிமானம், நம்பையில் வெறும் லாக் என்றால் இ அடிமானம். சரிவு ஒன்றில், 2இன் லாக் மற்றொன்றில். முதல் நான்கு புள்ளிகளை மட்டும் எடுத்து, ஒரே அடிமானத்தில் செய்தவருக்கு 25.

இந்த மூன்று பேரையும் எழுந்து விளக்கச் சொன்னால் நீங்கள் பேச வேண்டியதே இல்லை. பிறகு அவர்கள் சொந்தத் தரவுக்குப் போகலாம். எந்தப் புள்ளிகளை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று நிரலுக்குள் ஒரு குறிப்பு வரி எழுதுவது கட்டாயம்.

நொதி வேகத்தை இதே பாணியில் விரைவாக முடிக்கலாம். செறிவுக்கு ஏற்ப நொதி வேகம் மாறுவதைச் சொல்லும் மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டை நேரடியாக வளைவாகவே பொருத்த, பைத்தானின் அறிவியல் தொகுப்பான சைபையில் (SciPy) கருவி இருக்கிறது. தலைகீழாக்கி நேர்கோடு போடும் லைன்வீவர்-பர்க் முறை 1934இலிருந்து பாடநூலில் இருக்கிறது. குறைந்த செறிவில் உள்ள சின்னப் பிழையை அது ஊதிப் பெரிதாக்கும். விடை தெரிந்த தரவில் கொஞ்சம் இரைச்சலைக் கலந்து, இரண்டு முறையிலும் பொருத்தி ஒப்பிட்டால் போதும்.

சிமுலேஷன்: காலத்தை எவ்வளவு பொடியாக நறுக்குவது?

வகைக்கெழுச் சமன்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வாடும். சொல்லாதீர்கள். ‘இந்த நொடியில் இருப்பதோடு, அடுத்த சின்ன இடைவெளியில் கூடுவதைக் கூட்டு’ என்று சொல்லி லூப் எழுதச் சொல்லுங்கள். அதுதான் ஆய்லர் முறை.

100 செல்கள், இரட்டிப்பு நேரம் 25 நிமிடம், ஐந்து மணி நேரம். பன்னிரண்டு முறை இரட்டிக்கும். விடை 4,09,600 என்று கையாலேயே வந்துவிடும். இப்போது நிரல். வளர்வீதம் மணிக்கு 1.664, இடைவெளி ஒரு மணி நேரம் என்று வைத்தால் வருவது சுமார் 13,400. பத்தில் ஒரு மணி என்றால் 2,19,500 வாக்கில். நூறில் ஒரு மணி என்றால் 3,82,500. நிரலில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை, சமன்பாடும் சரிதான். ஆனாலும் முதல் விடை முப்பது மடங்கு குறைவு. இடைவெளியைப் பாதியாக்கிப் பார், விடை கணிசமாக மாறினால் இன்னும் நறுக்கு என்ற விதியை இங்கே பதிய வையுங்கள். இதைத் தானே நறுக்கிக் கணக்கிடும் ஆயத்தக் கருவியை இதற்குப் பிறகு அறிமுகம் செய்யலாம்.

தற்செயலைச் சொல்லித்தர மரபணு நகர்வு (சிறு குடிகளில் மரபணு வடிவங்களின் விகிதம் தற்செயலாக ஏறி இறங்குவது) போல வசதியானது இல்லை. பீட்டர் புரி 1956இல் வெளியிட்ட பழ ஈ சோதனையில் 107 குடிகள், ஒவ்வொரு தலைமுறையிலும் எட்டு ஆண், எட்டுப் பெண், தொடக்கத்தில் கண் நிற மரபணுவின் இரு வடிவங்களும் பாதிப் பாதி, 19 தலைமுறைகள். நிரலில் இது சில வரிகள்தான்: 16 ஈ என்றால் 32 பிரதிகள், ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய விகிதத்தில் 32 முறை சீட்டுக் குலுக்கல். 107 கோடுகளை ஒரே படத்தில் போட்டால் கண்ணைப் பறிக்கும்.

சிமுலேஷனில் 19 தலைமுறைக்குப் பிறகு சுமார் ஐந்தில் ஒரு பங்குக் குடிகளே ஒரு வடிவத்தை முழுதாக இழந்திருக்கும். உண்மைச் சோதனையில் பாதிக்கும் சற்று மேல். நிரல் தவறா? மாணவர்கள் தேடித் தேடிப் பார்ப்பார்கள், தவறு இருக்காது. எண்ணிக்கையை 16க்குப் பதில் 9 என்று வைத்து ஓட்டச் சொல்லுங்கள். விடை சோதனைக்குப் பக்கத்தில் வரும். குடுவையில் 16 ஈக்கள் இருந்தாலும் எல்லாம் சமமாகக் குஞ்சு பொரிப்பதில்லை. பயனுறு மக்கள்தொகை அளவு என்று பரிணாமப் பாடத்தில் மனப்பாடம் செய்ததை இப்போது அவர்களே அளந்துவிட்டார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே ரேண்டம் எண்கள் வர விதை எண் கொடுக்கும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். ஆனால் ஒரே விதையில் வந்த ஒரே படத்தைக் காட்டி முடிவு சொல்ல விடாதீர்கள்.

வகுப்பை நடத்துவது

ஸ்லைடு காட்டாதீர்கள். நீங்களே தட்டச்சு செய்யுங்கள், மாணவர்கள் கூடவே தட்டட்டும். வேகமாகத் தட்டுபவர் என்றால் ஒவ்வொரு வரியையும் வாயால் சொல்லிக்கொண்டே தட்டுங்கள்; வேகம் தானாகக் குறையும். நடுவில் எர்ரர் வந்தால் அழித்துவிடாமல், கடைசி வரியிலிருந்து சத்தமாகப் படியுங்கள். எர்ரர் செய்தி திட்டு அல்ல, முகவரி எழுதிய சீட்டு என்பது அவர்களுக்குக் கேட்டுப் பழக வேண்டும்.

1998இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி பயிற்சிகளில் ஓர் எளிய வழக்கம் உண்டு: ஆளுக்கு இரண்டு நிற ஒட்டுச் சீட்டு. முடித்தவர் ஒரு நிறத்தை லேப்டாப்பின் முதுகில் ஒட்டுவார், சிக்கியவர் மற்றொன்றை. கை தூக்கக் கூச்சப்படுபவரும் சீட்டு ஒட்டிவிடுவார். வகுப்பு முடிகையில் அதே சீட்டுகளில் புரிந்த ஒன்றையும் புரியாத ஒன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். உதவிக்குப் போகிறவர் மாணவரின் கீபோர்டைத் தொடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெற்றுத் திரையைப் பார்த்து உறைந்துபோகிறவர்களுக்கு, சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லலாம். தாளில் வெட்டிய துண்டுகளே போதும்.

சாட்பாட்டிடம் நிரல் கேட்பார்கள். தடை போட்டுப் பயனில்லை. முதல் சில வாரங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு வகுப்பிலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: ஜி-சி சதவீதத்துக்கு ஒன்று, இரட்டிப்பு நேரத்துக்கு ஒன்று. வாங்கிய நிரலுக்குச் சின்ன எழுத்து வரிசை, காலி வரிசை, விடை 25 வர வேண்டிய ஓ.டி. தரவு மூன்றையும் கொடுத்துச் சோதிப்பதே பயிற்சி. யார் எழுதிய நிரலானாலும் கன்ட்ரோல் ஒன்றுதான்.

தேர்வு

தாளில் நிரல் எழுதச் சொல்லும் தேர்வு வேண்டாம். ஓடுகிற, ஆனால் தவறான விடை தருகிற நிரல் ஒன்றைக் கொடுத்து, எந்த உள்ளீட்டைக் கொடுத்தால் அதன் தவறு வெளியே வரும் என்று கேளுங்கள். தவறைத் திருத்தினால் பாதி மதிப்பெண், காட்டிக்கொடுக்கும் உள்ளீட்டைச் சொன்னால் மீதிப் பாதி.

கடைசித் திட்டப்பணிக்கு ஒரு ஃபோல்டர் கேளுங்கள். கை வைக்காத மூலத் தரவு, நிரல், படங்கள், எதை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு, விடை தெரிந்த ஒரு பொய்த் தரவும் அதன் முடிவும். நிரலின் நீளத்துக்கு மதிப்பெண் கிடையாது. திருத்துவதற்கு முன், ஃபோல்டரைப் பக்கத்து மாணவரின் கணினியில் வைத்து, எழுதியவர் வாய் திறக்காமல் இருக்க, அவரை ஓட்டச் சொல்லுங்கள். முதல் முறை பாதிக்கு மேல் ஓடாது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நிரலின் மூன்றாவது வரியில், எழுதியவரின் டெஸ்க்டாப் முகவரி முழுதாக உட்கார்ந்திருக்கும். திருத்திக்கொண்டு வர ஒரு வாரம் கொடுங்கள்.